தறப்பாளுக்குள் வந்த பெருநாள்

“பெருநாள் பிறையப் பாத்துத்தான் வரும் மகள். நமக்கு ஊடு இரிக்கா இல்லையா எண்டு பாத்தா வரும்?”

2005 ஜனவரியில் ஒரு பாடசாலை வகுப்பறைக்குள் இருந்துகொண்டு என் மூத்தம்மா சொன்ன வார்த்தை இது. கடல் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அப்போது 15 வயது. அந்த ஒரே வகுப்பறையில் ஏழு குடும்பங்கள் இருந்தோம். சாய்ந்தமருதில் எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது என்று யாரோ சொன்னதும் உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மையத்துகளை அடக்கி ஒரு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள பெருநாளா?” என்று கேட்டார். அதற்குத்தான் மூத்தம்மா அப்படிப் பதில் சொன்னார்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், நத்தாருக்கு மறுநாள். இலங்கையில் சுனாமியால் அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் அழிந்தது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று கடல் பிரித்துப் பார்க்கவில்லை. ஜனவரி 14இல் தைப்பொங்கல் வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. இரண்டையும் நாங்கள் முகாம்களில்தான் கண்டோம்.

மூன்று கல் அடுப்பு

பெருநாளுக்கு முதல்நாள் அரபா நோன்பு. முகாமில் எல்லோருக்கும் ஒரே கிடாரத்தில் ஆண்கள் சமைத்தார்கள். பசி தீர்ந்தது. ஆனால் ஸஹருக்கு எழும்பினால் ஒரு தேத்தண்ணி வைக்க அடுப்பு இல்லை. மூத்தம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் பாடசாலையின் பின்பக்கத்தில் உடைந்த கற்கள் மூன்றை வைத்து நெருப்பு மூட்டினார்கள். மாரி மழையில் நனைந்த விறகு புகைந்தது. கடல் வந்த நாளிலிருந்து அந்தப் பெண்கள் தம் கையால் மூட்டிய முதல் அடுப்பு அதுதான். அதைச் சுற்றி நின்றபோதுதான் பலர் வாய்விட்டு அழுதார்கள். அதுவரை அழுவதற்கும் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு ராத்தா இருந்தார். கணவரையும் மூத்த மகனையும் கடலில் இழந்தவர். இத்தாக் காலம் நான்கு மாதமும் பத்து நாளும் அல்லவா? கதவில்லாத வகுப்பறையில், மேசைகளுக்கிடையே சேலை கட்டி அதற்குள் இருந்தார். பெருநாள் இரவு அவர் என்னைக் கூப்பிட்டு மருதோன்றி இலை ஆய்ந்து தரச் சொன்னார். கல்லில் அரைத்து, தன் கையில் பட்டுவிடாமல் ஈர்க்கால் தொட்டு, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இட்டார்.

“ஏன் ராத்தா இந்த நேரத்துல?” என்று கேட்டுவிட்டேன்.

“இத்தா எனக்குத்தான். என்ட புள்ளைகளுக்கு இல்லையே” என்றார்.

சமூகவியல் படித்து, இன்று இந்த வேலையில் இருக்கிறேன். இழப்புக்குப் பின் சடங்குகள் மனிதரை எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்று பல்கலைக்கழகத்தில் பல பக்கங்கள் எழுதினேன். அந்த ராத்தா சொன்னதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை. பெருநாள் எடுப்பது துக்கத்தை மறப்பதல்ல. துக்கம் ஒரு பக்கம் இருக்க, பிள்ளைகளுக்கு நாட்கள் நாட்களாகவே இருக்க வேண்டும் என்று தாய்மார் பாடுபடுவதுதான் அது.

பெயர்ப் பட்டியல்

பெருநாளன்று மைதானத்தில் தொழுகை நடந்தது. அளவு பொருந்தாத நிவாரண உடுப்புகளைப் பிள்ளைகள் சந்தோஷமாகவே போட்டுக்கொண்டார்கள். பின்னேரம் குர்பான் இறைச்சி வந்தது. நிவாரண அட்டையில் உள்ள குடும்பத் தலைவரின் பெயரை வாசித்து வாசித்துக் கொடுத்தார்கள். ராத்தாவின் கணவருடைய பெயரையும் வாசித்தார்கள். யாரும் போகவில்லை. இரண்டாம் தரமும் வாசித்தார்கள். சேலைத் திரைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

மூத்தம்மா எழும்பிப் போனார். “அட்டையில உள்ள ஆள் வரணும்” என்றார் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர். “அவர் வரமாட்டார் தம்பி. அவர்ட பங்க இஞ்ச தாங்க” என்றார் மூத்தம்மா. இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு பையை நீட்டினார். அவரில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பட்டியல்தான் அப்படி எழுதப்பட்டிருந்தது.

அந்தப் பட்டியல் இறைச்சியோடு முடிந்துவிடவில்லை. எங்கள் கரையோர ஊர்களில், முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும், வீடு பெண்ணுடையது. தாய் வீட்டைச் சீதனமாக மகளுக்குக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். கடல் கொண்டுபோன வீடுகளில் மிகப் பல பெண்களின் பெயரில் இருந்தவை. ஆனால் பதில் வீடு கொடுத்தபோது பல இடங்களில் “குடும்பத் தலைவர்” என்று ஆணின் பெயரே எழுதப்பட்டது. சீதன வீட்டை இழந்தவள் ஒருத்தி, உறுதி கிடைத்தது இன்னொருவருக்கு.

அந்த வீடுகளும் உடனே வரவில்லை. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று 2005இல் வடக்கிலும் கிழக்கிலும் தடை இருந்தது. பின்னர்தான் அது தளர்ந்தது. எங்கள் பக்கம் கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருக்கமாக வாழும் ஊர்கள், மாற்றுக் காணி எங்கே? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கினால் ஆட்களில்லாமல் வருடக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன.

இதற்கிடையில் பெருநாட்கள் வந்துகொண்டேயிருந்தன. 2006 ஜனவரியில் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள், அடுத்த புத்தாண்டை ஒட்டி இன்னொன்று. இரண்டையும் வீதியோரத்துத் தகரக் கொட்டிலில் எடுத்தோம். தறப்பாளில் மழை கொட்டும் சத்தத்தில் தக்பீர் கேட்காது. இரண்டாவது பெருநாளுக்கு உம்மா கடன்பட்டு முட்டை வாங்கி வட்டிலப்பம் அவித்தார். முதல் கிண்ணம் பக்கத்துக் கொட்டிலில் இருந்த அந்த ராத்தாவுக்குப் போனது.

உங்கள் கதையும் இதுதான்

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களில் பலர் எங்களைவிட அதிகம் வீதியில் வாழ்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் நோன்பு பிடித்தவர்கள் இருக்கிறீர்கள். 2009 தைப்பொங்கல் நாளில் வன்னியில் மூட்டை முடிச்சோடு இடம்விட்டு இடம் ஓடியவர்கள் இருக்கிறீர்கள். “அந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை” என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு சுண்டு அரிசியில சர்க்கரை இல்லாமப் பொங்கிப் புள்ளைகளுக்குக் குடுத்தனான்” என்றார். அக்கா, அதுதான் பொங்கல்.

2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் எங்கள் மாவட்டத்தில் மறுபடி பாடசாலைகள் முகாம்களாகின. மாரி வரும்போதெல்லாம் யாரோ ஒருத்தி வகுப்பறையில் பண்டிகையைக் காண்கிறாள். உதவிக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல.

சமைத்த பார்சலோடு ஒரு சட்டி, கொஞ்சம் காய்ந்த விறகு, தேங்காய், சர்க்கரை கொடுங்கள். பெண்கள் தம் கையால் ஒரு நேரம் சமைக்கட்டும். மறைப்புக்குத் துணி கொடுங்கள். துக்கத்தில் இருப்பவளைப் பண்டிகைக்கு வற்புறுத்தவும் வேண்டாம், விலக்கி வைக்கவும் வேண்டாம். என்ன வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலில் அவளுடைய பெயரை எழுதுங்கள். சகோதரிகளே, நீங்களும் கேட்டு எழுதுவியுங்கள். நிவாரண அட்டையிலும், வீட்டு விண்ணப்பத்திலும், காணி உறுதியிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கையொப்பம் அதன் பிறகு போடலாம்.

மூத்தம்மா இன்று இல்லை. அந்த ராத்தாவின் மூத்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தாய் இருக்கும் வீடு நீண்ட அலைச்சலுக்குப் பின் தாயின் பெயரிலேயே கிடைத்தது. சென்ற பெருநாளுக்குப் போயிருந்தேன். பேத்திக்கு மருதோன்றி வைத்துக்கொண்டிருந்தார். இம்முறை ஈர்க்கு இல்லை. இரண்டு கையும் சிவந்திருந்தன.