வண்டிப் புகைக் கணக்கு எங்கே தடுமாறுகிறது?

ஒரு ஊரில் ஓடும் வண்டிகளெல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு புகை கக்குகின்றன என்பதை யாராலும் நேரடியாக அளக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு ‘மூவ்ஸ்’ என்ற கணினி மாதிரியை வைத்திருக்கிறது. வண்டிகளின் வயது, வேகம், ஓடும் தூரத்தோடு அந்த ஊரின் வெப்பநிலை, ஈரப்பதம், அங்கே புகைச் சோதனை எப்படி நடக்கிறது என்ற விவரங்களையும் அதற்குக் கொடுக்க வேண்டும். இவற்றில் வானிலை விவரத்தை நம்பலாம். சோதனையால் குறைந்ததாகச் சொல்லப்படும் புகையைச் சாலையில் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

முதலில் வானிலை. குளிர்ந்து கிடக்கும் பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பும்போது எரிபொருள் சரியாக ஆவியாவதில்லை. அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் செலுத்தப்படுகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே வருகிறது. அதைச் சுத்தப்படுத்த வேண்டிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோ நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். கடும் வெயிலில் தொல்லை வேறு: சும்மா நிற்கும் வண்டியின் டேங்கிலிருந்தே பெட்ரோல் ஆவி கசிகிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். மைனஸ் 10 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் சராசரி 10 டிகிரி. அந்த 10 டிகிரியில் இந்த இரண்டு தொல்லைகளுமே சரியாகத் தெரியாது. அதனால்தான் மணிவாரியாக வெப்பநிலை கேட்கிறது மாதிரி. வெப்பநிலையை வைத்துக் கார்களில் ஏய்ப்பும் நடந்ததுண்டு. ஐரோப்பாவில் சில டீசல் கார்களின் மென்பொருள், 15 முதல் 33 டிகிரி வரை மட்டுமே புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயங்கவிட்டது. ஆய்வகச் சோதனை நடப்பதும் அந்த வெப்பநிலையில்தான். அது விதியை ஏய்க்கும் அமைப்பே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது.

புகைச் சோதனை விஷயம் இதைவிடச் சிக்கலானது, அது மனிதர்களின் நடத்தையைப் பொறுத்தது என்பதால். தேறாத வண்டி பழுதுபார்க்கப்படும், அந்தப் பழுதுநீக்கம் நிலைக்கும் என்று கணக்கு எண்ணிக்கொள்கிறது. தேறாத வண்டிகளில் சில மறுசோதனைக்கு வருவதே இல்லை. தெருவில் மட்டும் தொடர்ந்து ஓடுகின்றன. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய சோதனைத் திட்டங்களின் உண்மைப் பலன் முதலில் கணித்ததில் பாதியோ அதற்கும் குறைவோதான் என்றது. அப்படியானால் சோதனையையே கைவிடலாமே? கூடாது. டென்வர் பல்கலைக்கழக வேதியியலாளர் டொனால்ட் ஸ்டெட்மன், சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, கடந்துபோகும் வண்டிகளின் புகையை அளந்தார். கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறையப் பாதி, பத்தில் ஒரு பங்கு வண்டிகளிலிருந்தே வந்தது. அந்தச் சிலவற்றைப் பிடித்துச் சரிசெய்தாலே பெரும்பலன் உண்டு. ஆனால் எல்லாச் சோதனையிலும் எல்லாப் புகையும் சிக்காது. நம் ஊர் பெட்ரோல் வண்டிகளின் பி.யு.சி. (மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று) சோதனை, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பார்ப்பது. சுமையில் ஓடும்போது உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடு அதில் அகப்படுவதில்லை. ஸ்டெட்மனுடையது போன்ற சாலையோரக் கருவி ஒரு வண்டியை அரை நொடிதான் பார்க்கிறது என்று குறை சொல்வார்கள். தனி வண்டிக்குத் தீர்ப்பெழுத அது போதாதுதான். ஆனால் ஊர்க் கணக்குக்கு வேண்டியது சராசரி. ஆயிரக்கணக்கான வண்டிகளின் அரை நொடிகள் சேர்ந்தால் அது கிடைத்துவிடும்.