அரிசியோடு பக்குவத்தையும் கொடுங்கள்

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அரிசிய மாட்டுக்குத்தான் வச்சேன்.”

மன்னார்குடியில் ஒரு வீட்டு வாசலில் நின்றபடி இதைக் கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த அம்மாவிடம், ரசாயனம் படாத மாப்பிள்ளைச் சம்பா என்று பெருமையாகச் சொல்லி 10 கிலோ பை ஒன்றைக் கொடுத்திருந்தேன். அடுத்த பை வேண்டுமா என்று கேட்கப் போன இடத்தில்தான் இந்தப் பதில். “கல்லு மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் ஆக்கிப் பாத்தேன். வீட்ல யாரும் தொடல.”

ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நின்ற பயிர். நானும் என் மனைவியும் குனிந்து களை பறித்த பயிர். அது மாட்டுத் தொட்டியில் முடிந்தது. அந்த வருஷம் 18 வீட்டுக்கு அரிசி கொடுத்தேன். மறுபடி கேட்டவர்கள் நாலே பேர்.

“ஜனங்களுக்கு நல்ல சாப்பாட்டோட அருமை தெரியல” என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நீ அத சோறா ஆக்கித் தின்னு பாத்தியா?”

பார்த்ததில்லை. கஞ்சி குடித்திருக்கிறேன், நீராகாரம் குடித்திருக்கிறேன். சோறாக வடித்து, குழம்பு ஊற்றி, ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை. ஓட்டல்காரர் மகனுக்கு இதைவிட வெட்கம் வேறு இல்லை.

ஒரு ஆழாக்கு சோதனை

அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 28 வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். நான் கல்லாவுக்குப் பின்னால் படுத்துத் தூங்கி, கிரைண்டர் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவன். தாத்தா விட்டுப்போன மூன்று ஏக்கரில் பயிர் வைக்க வந்தது பிற்பாடுதான்.

எங்கள் கடையில் சரக்கு மாஸ்டர் ஒருவர் இருந்தார். புது அரிசி மூட்டை இறங்கினால் நேராக அண்டாவில் போடவே மாட்டார். குத்தூசியால் ஒரு கை அரிசி எடுப்பார். நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். படக்கென்று உடைந்தால் பழைய அரிசி, பல்லில் ஒட்டினால் புது அரிசி என்பார். அப்புறம் ஒரு ஆழாக்கு அளந்து தனியாக ஆக்குவார். எவ்வளவு தண்ணீர் குடித்தது, எவ்வளவு சோறு கண்டது, கஞ்சி கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தச் சோற்றில் ஒரு கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு மூன்று மணிக்குத் திறந்து பார்ப்பார். உதிரியாகவே இருக்கிறதா, விறைத்துப் போச்சா, நீர்விட்டுப் போச்சா? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் மறுநாள் அண்டா அடுப்பில் ஏறும்.

“அரிசி மேல குத்தமில்ல, ஆக்குறவன் மேலயும் குத்தமில்ல. ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கல, அவ்வளவுதான்” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

அந்த 18 வீட்டிலும் நடந்தது இதுதான். பல வருஷமாக, வெள்ளையாகத் தீட்டிய பொன்னி அரிசியை ஆக்கிப் பழகிய கை. அதே ஊறல், அதே தண்ணீர், அதே மூன்று விசில். தவிட்டுத் தோலோடு இருக்கும் சிவப்பரிசி அதற்கெல்லாம் மசியுமா? நான் அரிசியைக் கொடுத்தேன், பக்குவத்தைக் கொடுக்கவில்லை.

2006இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கியதிலிருந்து, நம்மாழ்வார் அய்யாவும் நெல் ஜெயராமனும் இன்னும் எத்தனையோ பேரும் பாடுபட்டு மரபு நெல்லை வயலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வயலுக்கு வந்தது பானைக்கும் வந்தால்தான் நிலைக்கும். சாப்பிடுகிறவர் இல்லாத நெல்லை எத்தனை வருஷம் நாம் விதைத்துக்கொண்டே இருக்க முடியும்?

அரிசியிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்வி

*முதல் கேள்வி: உனக்கு வயசு என்ன?* அறுத்து ஒன்றிரண்டு மாதமே ஆன புது அரிசி குழையும், ஒட்டும். பொங்கலுக்கு அதுதான் ருசி. சாப்பாட்டுக்கு ஆறு மாதமாவது ஆன பழைய நெல்லை அரைக்க வேண்டும். பழைய அரிசி தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும், சோறும் கூடுதலாகக் காணும், உதிரியாகவும் இருக்கும். தைப் பட்டத்தில் அறுத்ததை மாசியிலேயே சாப்பாட்டு அரிசி என்று விற்றால் “குழஞ்சு போச்சு” என்ற பேர்தான் மிஞ்சும். விற்க வேண்டிய அவசரம் இருந்தால், “புது அரிசி, பொங்கலுக்கும் கஞ்சிக்கும் நல்லா இருக்கும், சோத்துக்குத் தண்ணிய குறைச்சு வைங்க” என்று சொல்லிக் கொடுங்கள்.

*இரண்டாவது: எத்தனை தீட்டு?* தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தோலோடு இருக்கும் அரிசியை நாள்படப் பையில் வைத்தால் அந்த எண்ணெய் கெட்டுக் காறல் வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். அதனால் நெல்லாகவே சேமித்து, கேட்பு வர வர மாதாமாதம் அரைப்பதே நல்லது. உமியைவிட நல்ல டப்பா எதுவும் இல்லை. பையின் மேல் அரைத்த தேதியை எழுதுங்கள். இரண்டு மாதத்துக்குள் சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள்.

*மூன்றாவது: பச்சையா, புழுங்கலா?* புழுங்கலரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து காய்ந்தது. இறுகிப் போயிருக்கும், மறுபடி வேக நேரம் கேட்கும், ஆனால் குழையாது. பச்சரிசி சீக்கிரம் வெந்துவிடும், கண் தப்பினால் குழைந்துவிடும். சிவப்பரிசியில் பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. பையில் எழுதாவிட்டால் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்?

எந்த அரிசிக்கு என்ன பக்குவம்

எங்கள் வீட்டு அடுப்பில் ஆக்கிப் பார்த்த கணக்கு இது. உங்கள் மண்ணுக்கும் அரவைக்கும் தக்கபடி கொஞ்சம் கூடும், குறையும்.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற சிவப்பரிசிகளை இரவே ஊறப்போட வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றரை முதல் நாலு டம்ளர் தண்ணீர். குக்கரில் ஆறு முதல் எட்டு விசில், தானாக ஆவி அடங்கும்வரை திறக்கக் கூடாது. முதல்முறை வாங்குகிறவருக்குச் சோறு ஆக்கச் சொல்லாதீர்கள். கஞ்சி, புட்டு, தோசை என்று ஆரம்பிக்கட்டும். மிஞ்சிய சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிக்கச் சொல்லுங்கள். இந்த அரிசியின் பெருமை நீராகாரத்தில்தான் முதலில் தெரியும்.

கருப்புக் கவுனியும் இரவு முழுக்க ஊற வேண்டும். ஊறிய தண்ணீர் ஊதா நிறமாக இருக்கும். சாயம் என்று பயந்து கொட்டிவிடுகிறார்கள். அது அரிசியின் சொந்த நிறம். ஊறப்போடும் முன்பே நன்றாகக் கழுவிவிட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவிட வேண்டும். வெந்த பிறகு வெல்லமும் தேங்காயும் சேர்த்தால் குழந்தைகளே கேட்டு வாங்குவார்கள்.

தூயமல்லி, கிச்சிலிச் சம்பா இரண்டும் தினச் சாப்பாட்டுக்கு ஏற்றவை. பொன்னி சாப்பிட்டவரை இந்தப் பக்கம் திருப்ப இதுதான் முதல் படி. அரைமணி ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டு வடிக்க வேண்டும். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டு தெரிய வேண்டும். வடிக்க அதுதான் நேரம். மீதியை அந்தச் சூடே வேகவைத்துவிடும். பொட்டு மறையும்வரை காத்திருந்தால் தட்டுக்கு வரும்போது குழைந்திருக்கும். சீரகச் சம்பா பிரியாணிக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அதுவும் பழைய அரிசியாக இருந்தால்தான் மணி தனித்தனியாக நிற்கும்.

இட்லிக்கு வருவோம். அம்பை 16, ஆடுதுறை 37 போன்ற குண்டரிசி இட்லிக்குப் பழகிய நாக்கு நம்முடையது. ஒரேயடியாக முழுச் சிவப்பரிசிக்கு மாறினால் இட்லி கனமாக இருக்கும், வீட்டில் சண்டைதான் வரும். மூன்று பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு சிவப்பரிசி, ஒரு பங்கு முழு உளுந்து என்று தொடங்கலாம். நாக்கு பழகப் பழகச் சிவப்பைக் கூட்டலாம். சிவப்பரிசியைத் தனியாக எட்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். உளுந்து புதுசாக இருந்தால் மாவு நன்றாகக் காணும், பழசு காணாது. அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். கிரைண்டர் சூட்டில் உளுந்து மாவு பொங்குவது குறைந்துவிடும். எங்கள் மாஸ்டர் கோடையில் பானைத் தண்ணீர்தான் ஊற்றுவார்.

அரிசி மட்டுமா?

நம் சரக்கு எல்லாவற்றுக்குமே இந்தக் கதை உண்டு.

நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு அதிகம். பெங்களூர்த் தக்காளிக்கு ஊற்றும் அளவு புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு, “ரசம் புளிச்சுப் போச்சு, தக்காளி சரியில்ல” என்பார்கள். எங்கள் மாஸ்டர் தக்காளியை ஒரு கடி கடித்துப் பார்த்துத்தான் புளியை ஊறப்போடுவார். நாட்டுத் தக்காளி என்றால் புளி பாதி போதும்.

வெளுப்பதற்கு ஹைட்ரோஸ் போடாத வெல்லம் கருப்பாகத்தான் இருக்கும், பாயசமும் கருக்கும். சூட்டோடு பாலை ஊற்றினால் திரியவும் செய்யும். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, இறக்கி ஆறவைத்துப் பிறகு பால் சேர்த்தால் திரியாது. இதைச் சொல்லாமல் கொடுத்தால், திரிந்த பாயசத்தைப் பார்த்து “கலப்பட வெல்லம்” என்று நம்மையே சொல்வார்கள்.

செக்குக் கடலெண்ணெயில் வடை போட்டால் நுரைத்துப் பொங்குகிறது என்று புகார் வரும். அடியில் தங்க வேண்டிய மண்டி எண்ணெயோடு கலந்திருப்பதுதான் காரணம். ஆட்டிய எண்ணெயைச் சில நாள் தெளியவைத்து, மேலாக எடுத்துக் கொடுங்கள். அப்படியும் பொங்கினால், காயும் எண்ணெயில் கோலிக்குண்டு அளவு புளியைப் போட்டு எடுப்பது ஓட்டல் வழக்கம்.

துவரம்பருப்பு வேகவில்லை என்றால் பருப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. போர் தண்ணீர் கடினமாக இருந்தாலும் பருப்பு மலராது. பருப்பு மலர்வதற்கு முன்பே தக்காளியையோ புளியையோ சேர்த்தாலும் அதே கதைதான்.

ஓட்டலுக்கு விற்க நினைப்பவர்களுக்கு

ஓட்டல்காரருக்கு மண்புழு தெரியாது, பஞ்சகவ்யம் தெரியாது. அவருக்கு மூன்று விஷயம் வேண்டும். போன வாரம் வந்த மாதிரியே இந்த வாரமும் இருக்க வேண்டும். கல், கருப்பு, நெல்மணி இருக்கக் கூடாது. ஒரு படிக்கு எத்தனை சாப்பாடு காணும் என்று தெரிய வேண்டும். மூட்டை விலையைப் பற்றி அவரிடம் வாதாடாதீர்கள். ஒரு ஆழாக்கை அவர் அடுப்பிலேயே ஆக்கிக் காட்டுங்கள். பழைய அரிசியில் சோறு கூடுதலாகக் காணுவதை அவர் கண்ணாலேயே பார்த்துக் கணக்குப் போடட்டும். நாலு விவசாயிகள் சேர்ந்து கொடுப்பதென்றால், நாலு பேர் நெல்லையும் கலந்து ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வயசு மாறிய அரிசி ஒரே அண்டாவில் ஒன்று குழையும், ஒன்று வேகாது.

இன்னொன்றும் மனம் விட்டுச் சொல்கிறேன். “சர்க்கரை போயிடும், மூட்டு வலி போயிடும்” என்று சொல்லி அரிசி விற்காதீர்கள். நானும் சொன்னவன்தான். மருந்தென்று வாங்கியவர், ஒரு மாதம் சாப்பிட்டு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு விட்டுவிடுவார். அதைவிட மோசம், நம் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் நமக்கு. ருசிக்காக வாங்கியவர்தான் வருஷம் முழுக்க வாங்குவார்.

மறுபடி அதே வாசல்

அடுத்த அறுவடைக்குப் பிறகு, ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு போட்டேன். நெல் பெயர், அறுத்த மாதம், அரைத்த தேதி, பச்சையா புழுங்கலா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில், எதற்கு நன்றாக இருக்கும். எட்டே வரி. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது.

மன்னார்குடி அம்மாவிடமும் போனேன். காசு வேண்டாம் என்று ஒரு கிலோ பையையும் சீட்டையும் கொடுத்து, “கஞ்சி மட்டும் வச்சுப் பாருங்கம்மா” என்றேன். பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

“கஞ்சி நல்லாத்தான் இருக்கு. சோறு இன்னும் எங்க வீட்டுக்காரருக்குப் பிடிபடல. அது என்னமோ தூயமல்லின்னு சீட்டுல போட்டிருக்கீங்களே, அது அஞ்சு கிலோ கொடுங்க.”

அந்த வருஷம் 22 வீட்டில் 15 வீடு திரும்ப வாங்கியது. நெல் அதே நெல், வயல் அதே வயல்.

இந்த முறை நெல்லை மில்லுக்கு எடுத்துப் போகும் முன்பு ஒரு ஆழாக்கு அரைத்து வாங்கி, உங்கள் வீட்டு அடுப்பில் சோறாக ஆக்குங்கள். குழம்பு ஊற்றிச் சாப்பிடுங்கள். மூன்று மணிக்குத் திறந்து பாருங்கள். அப்புறம் சீட்டு எழுதுங்கள்.