பழைய ஸ்போர்ட்ஸ் காரின் குளிர்சாதனம்: பழுதறியும் முறை

கொல்கத்தா நகரின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே அமைந்துள்ளது லேக் கார்டன்ஸ். கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரைச் சூழ்ந்து நிற்கிறது. அம்மாதங்களில் 32 டிகிரி செல்சியஸ் உஷ்ணநிலையும் 80 சதவீத ஈரப்பதமும் இயல்பானவையே. இத்தகைய இடத்தில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரின் குளிர்சாதனம் சரிவர வேலை செய்யாவிடில், "கேஸ் குறைந்துவிட்டது; நிரப்பினால் சரியாகிவிடும்" என்னும் பரிகாரமே பெரும்பாலும் கூறப்படுகிறது. இது பல சமயங்களில் பயனற்றது. சில சமயங்களில் தீங்கு விளைவிப்பதுமாகும். இதன் காரணத்தை விளக்கி, பழுதை முறைப்படி அறியும் வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்ச்சி பிறக்கும் விதம்

உள்ளங்கையில் சில துளி ஸ்பிரிட்டை விட்டால் அது ஆவியாகும்போது கை குளிர்கிறது. திரவம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னைத் தொடும் பொருளிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் இவ்வாறு எளிதில் காட்டலாம். காரின் குளிர்சாதனமும் இவ்விதியின்படியே இயங்குகிறது. பழைய கார்களில் பயன்பட்ட ஆர்-12 என்னும் திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழிக்குக் கீழ் 30 டிகிரியிலும், அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ சுழிக்குக் கீழ் 26 டிகிரியிலும் கொதிப்பவை.

இத்திரவம் காரினுள் இருக்கும் குளிர்க்குழலில் ஆவியாகி வெப்பத்தை உட்கொள்கிறது. எஞ்சினால் சுழற்றப்படும் கம்ப்ரஸர் அவ்வாவியை இழுத்து அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்ஸரில் அது வெப்பத்தை வெளிக்காற்றிற்குக் கொடுத்து மீண்டும் திரவமாகிறது. பின்னர் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாகவும், எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகவும் குளிர்க்குழலுக்குத் திரும்புகிறது. இவ்வட்டம் மூடியது. பெட்ரோலைப்போல் இவ்வாயு செலவாவதில்லை. அது குறைந்திருக்குமாயின் எங்கோ கசிந்திருக்க வேண்டும். ரப்பர்க் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிது கசிவது இயல்பு. ஒரே கோடையில் தீர்ந்துபோவது பழுது.

ஈரக்காற்றின் சுமை

வாயுவைக் குறைகூறுமுன் காற்றைக் கவனித்தல் வேண்டும். மேற்கூறிய மழைக்காலக் காற்றில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி உண்டு. அக்காற்றை 12 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 9 கிராம் மட்டுமே தங்கும். எஞ்சிய 15 கிராம் நீராகிவிடும். காற்றின் உஷ்ணநிலையைக் குறைக்க வேண்டிய வேலை ஏறத்தாழ 20 கிலோஜூல். ஆவியை நீராக்கும் வேலையோ 37 கிலோஜூல். அதாவது, சாதனத்தின் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈரத்தைப் போக்குவதிலேயே கழிகிறது. ஆகவே, வெளிக்காற்றை உள்ளே விடும் கதவு சரியாக மூடாத கார், மற்றக் குறை ஏதுமின்றியே, போதிய குளிர்ச்சி தராமற் போகலாம். காரின் அடியில் நீர் தொடர்ந்து சொட்டினால் குளிர்க்குழல் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

செலவின்றிப் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, உட்காற்றே சுழலுமாறு கதவை மூடிச் சோதிக்க வேண்டும். இரண்டாவதாக, ஹீட்டருக்கு வெந்நீர் செல்லும் வால்வு முழுவதும் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கார்களில் இவ்வால்வு தேய்ந்து, குளிர்ந்த காற்றை ஹீட்டர் மீண்டும் சூடாக்குவது உண்டு. மூன்றாவதாக, கண்டென்ஸரின் தகடுகளில் அடைந்த தூசியையும் பூச்சிகளையும் நீக்கி, விசிறி சுழல்வதை உறுதி செய்தல் வேண்டும். ஓட்டத்தில் குளிர்ச்சி தந்து, சாலை நெரிசலில் நிற்கும்போது குளிர்ச்சி குன்றும் காரில் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நான்காவதாக, பெல்ட்டின் இறுக்கத்தையும் கம்ப்ரஸர் கிளட்ச்சுக்கு வரும் மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். துருவேறிய இணைப்புகளால் மின்னழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கக்கூடும்.

அழுத்தமானி கூறுவது

எஞ்சின் நின்றிருக்கும்போது காணும் அழுத்தம் வாயுவின் அளவைக் காட்டாது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 32 டிகிரியில் ஆர்-134ஏ சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 103 பவுண்டு காட்டும். உள்ளே சிறிதளவு திரவம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் இதே எண்தான் வரும். நிறைவுற்ற ஆவியின் அழுத்தம் உஷ்ணநிலையை மட்டுமே பொறுத்தது என்னும் பௌதிக விதிக்கு இது நல்ல உதாரணம்.

எஞ்சின் ஓடும்போது தாழ்பக்கம் 25 முதல் 40 பவுண்டும், உயர்பக்கம் 200 முதல் 250 பவுண்டும் இருப்பது இவ்வெப்பத்தில் பொதுவான நிலை. இரண்டும் குறைந்திருந்தால் கசிவையும் அடைப்பையும் சந்தேகிக்கலாம். இரண்டும் மிகுந்திருந்தால் கண்டென்ஸர் வெப்பத்தை வெளிவிடவில்லை, அல்லது வாயு மிகுதியாக நிரப்பப்பட்டுள்ளது, அல்லது உள்ளே காற்று புகுந்துள்ளது எனலாம். இந்நிலையில் மேலும் நிரப்புவது கம்ப்ரஸரைக் கெடுக்கும். தாழ்பக்கம் உயர்ந்தும் உயர்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரஸரின் வால்வுகள் தேய்ந்திருக்கலாம். சிறிது நேரம் நன்கு குளிர்ந்து, பின் தாழ்பக்கம் வெற்றிடம் வரை இறங்கி, நிறுத்தி வைத்தால் மீண்டும் குளிர்ச்சி தருமாயின், உட்புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைகிறது என்று அறியலாம்.

கசிவைத் தேடுதல்

கொல்கத்தாவில் 1968-ஆம் ஆண்டு ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய பழங்கார்ப் பேரணி குளிர்காலத்தில் நடைபெறுவது. இவ்வகைக் கார்கள் ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையிலேயே நிற்பவை. நெடுநாள் சுழலாத கம்ப்ரஸரில் அச்சின் அடைப்பு எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்து கசியத் தொடங்குகிறது. குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் குளிர்சாதனத்தை இயக்குவது இதற்குத் தக்க பாதுகாப்பு.

வாயுவுடன் எண்ணெயும் வெளிவருவதால், தூசி படிந்த எண்ணெய்க் கறையே கசிவின் முதல் அடையாளம். பின்னர் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பிச் சோப்பு நீரால் இணைப்புகளைச் சோதிக்கலாம். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கும். தீச்சுடரின் நிறமாற்றத்தால் கசிவறியும் பழைய முறையும் கைவிடத்தக்கதே. ஆர்-12 எரியும்போது பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகக்கூடும்.

கசிவை அடைத்தபின் வெற்றிடப் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அகற்றுதல் அவசியம். 32 டிகிரியில் நீர் கொதிக்க வேண்டுமாயின் அழுத்தம் 36 மில்லிமீட்டர் பாதரசத்திற்குக் கீழே இறங்க வேண்டும். நல்ல பம்பு இதனினும் மிகத் தாழ்ந்த அழுத்தத்தை எட்டும்.

வாயுவை மாற்றும்போது

ஆர்-12 போன்ற குளோரின் கலந்த வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மொலினா, ரௌலண்ட் என்னும் விஞ்ஞானிகள் 1974-இல் எடுத்துக்காட்டினர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது; இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. 2010-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் இவ்வாயுக்களின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. எனவே பழைய கார்கள் ஆர்-134ஏவுக்கு மாற்றப்படுகின்றன.

இம்மாற்றம் வெறும் நிரப்புதலன்று. பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவுடன் கலவாது. அது கம்ப்ரஸருக்குத் திரும்பாவிடில் கம்ப்ரஸர் இறுகிவிடும். ஆகையால் எஸ்டர் வகை எண்ணெயும், புதிய டிரையரும், புதிய அடைப்பு வளையங்களும் தேவை. பழைய ரப்பர்க் குழாய்கள் புதிய வாயுவை எளிதில் கசியவிடும். எஞ்சின் பின்புறம் அமைந்த போர்ஷே 911 போன்ற கார்களில் குழாய்கள் வண்டியின் நீளம் முழுவதும் செல்வதால் இக்குறை மிகுதி. வாயுவைப் பழைய அளவினும் சற்றுக் குறைவாக, எடைபோட்டே நிரப்ப வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் சிலிண்டர்களில் எச்சரிக்கை வேண்டும். மெதில் குளோரைடு கலந்த போலி வாயு அலுமினியத்துடன் சேர்ந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் பொருளை உண்டாக்கவல்லது. சமையல் வாயுவை நிரப்புவதோ காரினுள் தீ விபத்திற்கு வழி செய்வதாகும். ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லையெனினும், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் வலிமை கொண்டது. அதனை வெளியில் விடாமல் சிலிண்டரில் திரும்பப் பிடித்தலே முறை.

சுருங்கக் கூறின், காற்று, வெந்நீர், விசிறி, மின்சாரம் ஆகியவற்றை முதலிற் பார்த்து, அழுத்தத்தை அளந்து, கசிவைக் கண்டடைத்து, வெற்றிடமாக்கிய பின்னரே வாயுவை நிரப்புதல் வேண்டும். இவ்வரிசை மாறாமல் பழுது பார்ப்பவருக்கு ஒரே காரை ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டிய அவசியம் நேராது.