மந்தையின் தீனியும் கம்பளியின் தரமும்

நூற்கும்போது இழை அறுந்தால் இராட்டையைக் குறை கூறுகிறோம். தறியில் அறுந்தால் நெய்பவரைக் குறை கூறுகிறோம். பல சமயங்களில் அக்குறை இவ்விரண்டிற்கும் வெகு முன்பே, ஆட்டின் தீனியில் தொடங்கிவிடுகிறது. இதை நம் அங்கத்தினர்கள் அனைவரும் கவனித்தல் அவசியம்.

திருவண்ணாமலை வட்டாரம் திருச்சிக் கருங்குறும்பை ஆடுகளுக்கு உரிய இடங்களுள் ஒன்று. இவ்வாட்டின் உரோமம் முரடானதே. எனினும் கம்பளிக்கு உகந்தது. உரோமம் என்பது புரதத்தால் ஆனது. அதில் கந்தகம் சேர்ந்த சிஸ்டின் என்னும் சத்து மிகுதி. தீனியில் புரதம் குறைந்தால் வளரும் இழை மெலிகிறது. சித்திரை, வைகாசியில் பட்டினி கிடந்த ஆட்டின் உரோமத்தில், அம்மாதங்களில் வளர்ந்த பகுதி மட்டும் நலிந்து, இழுத்தவுடன் அங்கேயே அறும். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைகளில் அல்பாக்கா வளர்ப்போர் கண்டதும் இதுவே: புல் வறண்டால் உரோமம் குறைகிறது, தீனி மிகுந்தால் இழை தடித்து மதிப்பு இழக்கிறது. ஆகவே தீனியில் அளவும் ஒழுங்கும் வேண்டும்.

20 கிலோ எடையுள்ள பெட்டை ஆட்டுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் வரை உலர்பொருள் தேவை. மேய்ச்சலில் இது கிடைக்காத கோடையில், நம் மாவட்டத்தில் விளையும் நிலக்கடலையின் கொடியே கைகொடுக்கும். வைக்கோலைவிட இதில் புரதம் வெகு அதிகம். அறுவடையானதும் நன்கு உலர்த்தி, மழை படாமல் போர் போட்டு வைக்கவேண்டும். பூஞ்சை பிடித்த கொடியும் புண்ணாக்கும் நஞ்சாகும். அகத்தி, சவுண்டல், வேல மரங்களின் தழையையும் கலந்து கொடுக்கலாம்.

சினைக்காலம் ஏறக்குறைய 5 மாதம். குட்டி பெரும்பகுதி வளர்வது கடைசி ஆறு வாரங்களில்தான். அப்போது தினம் 150 முதல் 200 கிராம் கலப்புத் தீனி தருவது நலம். 100 பங்கில் மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்பு 2, சாதாரண உப்பு 1 என்று கலக்கலாம். மாட்டுக்கென விற்கும் தாது உப்பைச் செம்மறிக்கு இடலாகாது. அதில் கூடுதலாக உள்ள செம்பு செம்மறிக்கு ஆபத்தானது. குட்டி பிறந்ததும் தாமதமின்றிச் சீம்பால் ஊட்டவேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. பௌர்ணமிதோறும், கார்த்திகைத் தீபத்தன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடைபெறுகிறது. எஞ்சிய சோற்றை வெளியே கொட்டினால், அவ்வழியே வரும் மந்தை அதைத் தின்னும். சோறு வயிற்றில் விரைவாகப் புளித்து அமிலமாகி, புல்லைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அழிக்கிறது. ஆடு தீனி விட்டு, வயிறு உப்பி, ஓரிரு நாளில் மாண்டுவிடலாம். உடனே 15 கிராம் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டி, கால்நடை மருத்துவரை நாடவேண்டும். திருவிழா நாட்களில் மந்தையை வேறு திசைக்கு ஓட்டிச்செல்வது அதனினும் மேல். மழைக்குப் பின் தளிர்ப் புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய் வருவதும் உண்டு. மழைக்காலத்திற்கு முன்பே தடுப்பூசி போடுதல் நலம். எந்தப் புதுத் தீனியையும் பத்து நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குவதே முறை.

இவற்றைத் தனித்தனியே செய்வதைவிடச் சங்கத்தின் மூலம் செய்வது எளிது. புண்ணாக்கை மொத்தமாக வாங்கலாம். கடலைக் கொடியைப் பொதுவில் சேமிக்கலாம். நெசவாளர்கள் எந்தப் பட்டியின் உரோமம் அறுகிறது என்று குறித்து வளர்ப்போருக்குத் தெரிவித்தால், அவர் கோடையில் தீனியைச் சரிசெய்ய இயலும். பட்டியும் தறியும் ஒரே இழையின் இரு முனைகள். ஒரு முனை நலிந்தால் மறுமுனை நிற்காது என்பதை நாம் மறவாதிருப்போமாக.