கலத்தினுள் ஒளிர்வது எது?

உயிர்க்கலம் ஒட்சிசனைப் பயன்படுத்துங்கால், அதன் ஒரு சிறு பகுதி சுப்பரொட்சைட்டாகவும், அதிலிருந்து ஐதரசன் பரவொட்சைட்டாகவும் மாறுகின்றது. சுப்பரொட்சைட்டு நைத்திரிக்கொட்சைட்டுடன் சேரின் பரவொட்சிநைத்திரைற்று உண்டாகும். தாக்குதிறன் மிக்க இப்பொருள்கள் சொற்ப அளவில் தோன்றி விரைந்து மறைவன. ஆதலின் அவற்றை நேரே காணாது, அவற்றால் ஒட்சியேறி ஒளிரும் சாயங்களைக் கொண்டு ஊகிக்கின்றோம்.

இவற்றுட் பெருவழக்குடையது டைகுளோரோபுளோரசீனின் ஒடுக்கிய வடிவமாகும். 1965 இல் கெஸ்ரன், பிரான்ற் என்போர் ஐதரசன் பரவொட்சைட்டை அளக்க இதனைக் கையாண்டனர். இதன் அசற்றேற்று மென்சவ்வைக் கடந்து கலத்துட் புகும். அங்குள்ள எசுத்தரேசு நொதியங்கள் அசற்றேற்றுக் கூட்டங்களை அகற்றும். எஞ்சியது ஒட்சியேறியபின், நீல ஒளியால் தூண்டப்பட்டு, ஏறத்தாழ 525 நனோமீற்றரிற் பச்சையாக ஒளிரும்.

ஆயின் இச்சாயம் ஐதரசன் பரவொட்சைட்டுடன் நேரே தாக்கமுறுவதில்லை எனலாம். இடையே பரவொட்சிடேசோ, இரும்போ, சைற்றோகுரோம் சீயோ வேண்டும். இறக்குங் கலத்தின் இழைமணியிலிருந்து சைற்றோகுரோம் சீ வெளியேறின், பரவொட்சைட்டுப் பெருகாமலே ஒளிர்வு பெருகக்கூடும். அதனினும் விந்தை, சாயம் ஒட்சியேறுகையில் தோன்றும் இடைநிலை மூலிகம் ஒட்சிசனுடன் தாக்கமுற்றுத் தானே சுப்பரொட்சைட்டை ஆக்குவதாகும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பிற சாயங்களும் குறையற்றவையல்ல. ஐதரோஎதிடீன் தரும் சிவந்த விளைபொருள்கள் இரண்டனுள் ஒன்றே சுப்பரொட்சைட்டுக்குரியது. நுணுக்குக்காட்டியில் அவற்றைப் பிரித்தறிதல் அரிது, திரவக் குரோமற்றோகிராபி வேண்டும். போரோனேற்றுச் சாயங்கள் ஐதரசன் பரவொட்சைட்டுடன் நேரே தாக்கமுறுவன; எனினும் பரவொட்சிநைத்திரைற்றுடன் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு விரைவாகத் தாக்கமுறும்.

இஃது ஆய்வுகூடத்தோடு முடியும் விவகாரமன்று. மூலிகைச் சாறொன்றைச் சேர்த்ததும் ஒளிர்வு குன்றியது, ஆகவே அது ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் என்று எழுதிவிடுவது எளிது. அவ்வாக்கியம் விளம்பரமாகி, அதனை நம்பி நோயாளி பணங்கொடுக்கின்றான். சாறு தன் நிறத்தால் ஒளியை உறிஞ்சியிருக்கலாம், எசுத்தரேசைத் தடுத்திருக்கலாம், கலத்துக்குப் புறத்தே சாயத்துடன் தாக்கமுற்றிருக்கலாம். 2022 இல் மைக்கேல் மேர்பியும் பிறரும் வெளியிட்ட நெறிமுறை, பொதுப்பெயரால் எழுதாது இன்ன பொருளென்று சுட்டுமாறு ஆய்வாளரைக் கோருகின்றது.

வசதி குன்றிய ஆய்வுகூடங்களுக்கு இது எட்டாதென்பாரை நாம் முற்றாக ஏற்பதற்கில்லை. முன்னரே ஒட்சியேறிய சாயத்துடன் சாற்றைக் கலந்து ஒளிர்வு குன்றுகின்றதா என நோக்குதற்கும், கலமின்றிச் சாறும் சாயமும் மட்டும் வைத்துப் பார்த்தற்கும் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பிற்பகற் பொழுது போதும்.