தண்டராப் புதர்களின் இரசாயனக் கேடயம்

தாவரங்களுக்குக் கால்கள் இல்லை. மேய வரும் விலங்கைக் கண்டு அவை ஓட இயலாது. முளைத்த இடத்திலேயே நின்று தம் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அவற்றுட் பல, தம் உடலுக்குள்ளேயே ஒரு கேடயத்தைச் செய்து வைத்துள்ளன. அக்கேடயம் இரும்பினால் ஆனதன்று. இரசாயனப் பொருள்களால் ஆனது.

எமது ஊர் வேலிகளில் நிற்கும் ஆடாதோடையைப் பெற்றோர் நன்கறிவர். ஆடு தொடாத இலை என்பதாலேயே அதற்கு அப்பெயர் வந்தது என்பர். எருக்கின் பாலும் வேம்பின் கசப்பும் இவ்வகைக் காவல்களே. வெப்ப நாட்டுச் செடிகளுக்கு மட்டுமன்றி, நாம் இன்று வாழும் நோர்வே போன்ற குளிர்நாட்டுச் செடிகளுக்கும் இத்தகைய கேடயங்கள் உண்டு. புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் அக்கேடயங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை மாணவச் செல்வங்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டரா என்பது யாது?

வடதுருவத்தை அண்டி, குளிரின் மிகுதியால் மரங்கள் வளர முடியாத பெருவெளியே தண்டரா எனப்படும். அலாஸ்கா, வட கனடா, கிறீன்லாந்து, வட ஸ்கந்திநேவியா, சைபீரியா ஆகிய பகுதிகளில் இது பரந்து கிடக்கிறது. இங்கு கோடை மிகக் குறுகியது. பல இடங்களில் மேல்மண் மட்டுமே கோடையில் உருகும். அதன் கீழுள்ள நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் முன்னர் வேலை செய்த எம்மவர் பலர் அந்த மரமற்ற நிலத்தைக் கண்ணாரக் கண்டவர்கள்.

அங்கு வளர்பவை பாசிகளும் புற்களும் குறும்புதர்களுமே. குள்ளப் பேர்ச், வில்லோ ஆகியன அப்புதர்களுள் முக்கியமானவை. றெயின்டியர் எனப்படும் பனிமான், கஸ்தூரி எருது, எல்க் மான், முயல், பனிக்கோழி ஆகியன இவற்றின் இலையையும் குருத்தையும் உண்டு வாழ்கின்றன.

கேடயம் எதனால் ஆனது?

பாக்கை மெல்லும்போதும் நாவற்பழம் உண்ணும்போதும் நாக்கில் ஒரு துவர்ப்பு ஏற்படுகிறதன்றோ? அத்துவர்ப்பைத் தருவது தனின் என்னும் பொருள். அது புரதங்களுடன் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. தனின் மிகுந்த இலையை உண்ட விலங்கின் வயிற்றில், இலையிலுள்ள புரதம் எளிதிற் சமிபாடு அடையாது. வயிறு நிறைந்தாலும் உடலுக்கு வேண்டிய ஊட்டம் கிடைப்பதில்லை. விலங்கும் சும்மா இருப்பதில்லை. எல்க் மானின் உமிழ்நீரில் தனினைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. கேடயத்திற்கு எதிராக அதுவும் ஓர் உபாயம் செய்துகொண்டுள்ளது.

இரண்டாவது காவல் பிசின். அலாஸ்காவில் வளரும் குள்ளப் பேர்ச்சின் கொம்புகளில் பிசின் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. இலையுதிர்ந்த மாரியில் கொம்பும் மொட்டுமே விலங்குகளுக்கு உணவாதலால், பிசினின் காவல் அக்காலத்தில் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் ஐரோப்பாவிலும் கிறீன்லாந்திலும் வளரும் குள்ளப் பேர்ச்சில் இப்பிசின் மிகக் குறைவு. ஒரே இனம், கேடயமோ வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துக.

செடியின் வரவு செலவு

கேடயம் செய்யச் செலவு உண்டு. ஒரு குடும்பம் தன் வருவாயை உணவுக்கும் உடைக்கும் வீட்டுக்காவலுக்கும் பங்கிடுவதைப் போல, செடியும் தன் வருவாயைப் பங்கிடுகிறது. அதன் வருவாய் இருவகைப்படும். ஒளித்தொகுப்பால் வானிலிருந்து பெறும் காபன் ஒன்று; வேரால் மண்ணிலிருந்து பெறும் நைதரசன் முதலிய சத்துகள் மற்றொன்று. வளர்வதற்கு இரண்டும் வேண்டும். குளிர்மண்ணில் நைதரசன் அரிது. ஆதலால் வளர்ச்சிக்குப் பயன்படாது எஞ்சும் காபன், நைதரசன் தேவைப்படாத தனின் போன்ற பொருள்களாக மாறுகிறது. இவ்விளக்கத்தை அலாஸ்காவில் ஆய்வு செய்த பிறையன்ற், சாப்பின், கிளைன் ஆகிய மூவர் 1983ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

இது உண்மையாயின், உரமிட்ட செடியில் தனின் குறைய வேண்டும். ஏனெனில் காபன் வளர்ச்சிக்கே செலவாகிவிடும். நிழலில் நிற்கும் செடியிலும் குறைய வேண்டும்; ஏனெனில் காபன் வரவே சுருங்கிவிடும். செய்து பார்த்த சோதனைகளிற் பெரும்பாலானவை இவ்வாறே காட்டின. எனினும் எல்லா இரசாயனங்களுக்கும் இவ்விதி பொருந்தவில்லை என்பதையும் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அறிவியல் வளர்வது இவ்வாறே.

வெப்பம் கூடினால் என்ன நேரும்?

1979ஆம் ஆண்டு முதல் வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது. இவ்வெப்பம் செடியை இரு வழிகளில் தாக்குகிறது. இலை வெப்பமடைந்து கூடுதலாகக் காபனைச் சேர்த்தால் கேடயம் வலுப்பெறலாம். மண் வெப்பமடைந்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் சுறுசுறுப்படைந்து நைதரசனை விடுவிக்கும். அப்போது செடி விரைந்து வளரும், கேடயம் மெலியலாம். இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அலாஸ்காவின் ரூலிக் ஏரிக்கரையிலும் சுவீடனின் அபிஸ்கோவிலும் குள்ளப் பேர்ச்சை வைத்துச் செய்த சோதனைகளில், தனினின் அளவு இடத்தாலும் தனினின் வகையாலும் வேறுபட்டது. வெப்பம் கூடினால் கேடயம் கூடும் என்றோ குறையும் என்றோ ஒரே சொல்லிற் கூறிவிட முடியாது.

ஆனால் புதர்கள் பரவுகின்றன என்பதில் ஐயமில்லை. 1940களின் பிற்பகுதியில் வட அலாஸ்காவில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை, அதே இடங்களில் அரை நூற்றாண்டின் பின் எடுத்த படங்களுடன் ஆய்வாளர் ஒப்பிட்டனர். வெறுமையாய்க் கிடந்த சரிவுகள் பல, புதர் மூடிக் காட்சியளித்தன. ரூலிக் ஏரிக்கரையில் 1981 முதல் உரமிட்டு வந்த பாத்திகளிலும் குள்ளப் பேர்ச் ஏனைய செடிகளை மூடி வளர்ந்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் தனியாட்சி செலுத்தலாயிற்று.

கிறீன்லாந்தின் கங்கர்லுசுவாக் பகுதியிற் கண்டது வேறு. அங்கு நிலத்தின் சில பகுதிகளை வேலியிட்டு மறைத்தும், சிலவற்றைத் திறந்து விட்டும், இரண்டையும் செயற்கையாக வெப்பமூட்டிப் பார்த்தனர். வேலிக்குள் குள்ளப் பேர்ச்சும் வில்லோவும் செழித்தன. பனிமானும் கஸ்தூரி எருதும் மேய்ந்த இடத்திலோ, அதே வெப்பம் கிடைத்தும் அவற்றின் வளர்ச்சி பெரிதும் அடங்கியே இருந்தது. இம்முடிவு 2008இல் வெளிவந்தது. பிசின் நிறைந்த அலாஸ்காப் பேர்ச்சை விலங்குகள் ஒதுக்குவதால் அது தடையின்றிப் பரவும். பிசின் குறைந்த கிறீன்லாந்துப் பேர்ச்சை விலங்குகள் மேய்ந்து அடக்கும் என்பது பிறையன்றும் தோழர்களும் 2014இல் முன்வைத்த கருத்து.

நமக்கென்ன?

எங்கோ வடக்கில் ஒரு புதர் பரவினால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். உறைந்த துருவநிலத்துள் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன் அடங்கிக் கிடக்கிறது. இது வளிமண்டலத்திலுள்ள காபனைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். புதர்களின் கருங்கிளைகள் வெண்பனிக்கு மேலே நின்று வெயிலை உறிஞ்சுகின்றன. மாரியில் அவை பிடித்து வைக்கும் பனி, கம்பளிபோல் மண்ணை மூடி அதன் குளிரைத் தணிக்கிறது. மறுபுறம், கோடையிற் புதரின் நிழல் மண்ணைக் குளிர்விப்பதும் உண்டு. தனின் மிகுந்த சருகு மெதுவாக உக்குவதும் உண்டு. ஆகவே ஓர் இலைக்குள் இருக்கும் துவர்ப்பு, விலங்கின் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. அது மண்ணையும், மண்ணுக்குள் உறைந்த காபனையும், வானத்தையும் தொடுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மந்தைகளை நம்பி வாழும் சாமி இன மக்களுக்கோ, எந்தச் செடி பரவுகிறது, அதை மந்தை உண்ணுமா என்பது நாளாந்த வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

மாணவச் செல்வங்களே, பள்ளிச் சுற்றுலாவில் ஹார்டங்கர்விட்டா மேட்டுநிலத்திற்குச் செல்லும்போது, முழங்காலளவு உயரத்தில் நிற்கும் குள்ளப் பேர்ச்சை உற்று நோக்குங்கள். நாணயம் போன்ற வட்டமான சிறு இலைகளும் அவற்றின் பல் வெட்டிய விளிம்பும் அதன் அடையாளம். எந்தக் கொம்பு கடிபட்டிருக்கிறது, எது தீண்டப்படாமல் நிற்கிறது என்று பாருங்கள். கண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். ஆடாதோடையை அறிந்த உங்கள் பெற்றோரிடமும் அதை வாசித்துக் காட்டுங்கள். தம் ஊர் வேலியிற் கண்டதை அவர்கள் சொல்லுவர். இந்நாட்டு மலையிற் கண்டதை நீங்கள் சொல்லலாம்.