உங்களுக்குத் தெரியுமா? மின்னும் மீன் ஓடைக்குத் தப்பினால்…

நீல விளக்கடியில் செக்கச்செவேலென மின்னும் ‘குளோஃபிஷ்’, பவள உயிரியின் மரபணு புகுத்தப்பட்ட சீப்ரா மீன். சாதாரண சீப்ராவைவிட இதனால் ஆபத்து அதிகம் என்பதற்குச் சான்றில்லை என்று 2003-இல் அமெரிக்க அரசு விற்க விட்டது. குளிர்ந்த நீரில் அது பிழைக்காது என்பதும் ஒரு தெம்பு.

பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில் வேடிக்கை ஒன்று: பெண் மீன்களுக்குச் சிவப்பு ஆணைத்தான் பிடித்தது. ஆனால் சாதாரண ஆண்கள் சிவப்பு ஆண்களை விரட்டியடித்தன. 15 தலைமுறைக்குள் அந்த மரபணு ஏறக்குறைய மறைந்தேபோனது.

பிரேசிலில் கதை வேறு. விற்பனைக்கே தடையுள்ள அந்நாட்டில், மீன் பண்ணைகளை ஒட்டிய வெதுவெதுப்பான ஓடைகளில் இவை பூச்சிகளைத் தின்று இனம்பெருக்குவதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சீப்ராவின் தாயகம் இந்தியா உள்ளிட்ட தெற்காசியா. இங்கே தப்பினால் குளிரும் தடுக்காது, கூடிக் கலக்கச் சொந்த இனமும் ஓடையிலேயே இருக்கிறது. அமெரிக்கச் சான்றிதழ் நமக்குச் செல்லாது.